தெரு திரும்பிய வண்டி: இண்டியானாபொலிஸ் நகரத்துக் கூடைப்பந்தின் கறுப்பு வரலாறு

1955 மார்ச் 19, இரவு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகரமான இண்டியானாபொலிஸில், பட்லர் பீல்டுஹவுஸ் என்ற பெரிய விளையாட்டரங்கத்திலிருந்து ஒரு தீயணைப்பு வண்டி கிளம்புகிறது. வண்டிமேல் கறுப்புப் பையன்கள். மாநிலத்தின் அத்தனை பள்ளிகளும் மோதுகிற கூடைப்பந்துப் போட்டியில் கோப்பையை வாங்கிவிட்டார்கள். 1911-லிருந்து நடந்துவருகிற போட்டி. தலைநகரத்துப் பள்ளி ஒன்று அதில் ஜெயிப்பது அதுதான் முதல் தடவை. அமெரிக்கா முழுவதிலும் கறுப்பர் மட்டுமே படிக்கும் பள்ளி ஒன்று, எல்லோருக்குமான மாநிலப் போட்டியில் முதலிடம் பிடித்ததும் அதுதான் முதல் தடவை. பள்ளியின் பெயர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ்.

ஜெயித்தவர்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, ஊர் நடுவில் இருக்கிற நினைவுத்தூண் வட்டத்துக்குக் கூட்டிவந்து கொண்டாடுவது அங்கே வழக்கம். அன்றைக்கும் வண்டி வந்தது. வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. நிற்கவில்லை. அப்படியே இண்டியானா அவென்யூ வழியாகக் கறுப்பர்கள் குடியிருக்கும் பக்கம் திரும்பி, நார்த்வெஸ்டர்ன் பூங்காவில் போய்த்தான் நின்றது. அங்கே தீ மூட்டி வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம். ஆட்டம், பாட்டம். 'உங்க ஆளுங்க, உங்க இடம், அங்கேயே ஆடிக்கொள்ளுங்கள்' என்பதுதான் நகரம் சொன்ன செய்தி. நடுவூரில் கறுப்பர் கூடினால் கலவரம் வரும் என்பது அதிகாரிகளின் பயம்.

அந்த அணியின் ஆஸ்கர் ராபர்ட்சனுக்கு அப்போது 16 வயது. பின்னாளில் உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர். பாதிக் கொண்டாட்டத்திலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். நம்மை அவர்களுக்கு வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் தெரு அண்ணன்மார்கள் பக்கத்து டவுனில் நடந்த கைப்பந்துப் போட்டியில் கோப்பை வாங்கினார்கள். டெம்போவில் மேளத்தோடு வந்தார்கள். பேருந்து நிறுத்தத்திலேயே எங்கள் பெரியவர்கள் போய் மறித்துக்கொண்டார்கள். "மேளத்த நிறுத்துங்கடா. ஊருக்குள்ள வேணாம். கம்மாக்கரை வழியா வாங்க, நம்ம தெருவுல வச்சிக்கலாம்." கோப்பையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தான் என் அண்ணன். எங்கள் தெருவில் அன்றைக்குக் கறிச்சோறு. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அவன் ஏன் சாப்பிடவில்லை என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது. இண்டியானாபொலிஸ் வழியாகத்தான் விளங்கியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிரித்தவன் சொன்ன காரணம்

இந்தப் பள்ளி வந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1920களில் இண்டியானா கூ க்ளக்ஸ் கிளானின் கோட்டை. மாநிலத்தின் வெள்ளை ஆண்களில் கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் அதில் உறுப்பினர்களாக இருந்ததாக வரலாற்றாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1924-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரே கிளான் ஆதரவில் வந்தவர். அதுவரை இண்டியானாபொலிஸின் கறுப்புப் பிள்ளைகள் ஷார்ட்ரிட்ஜ், டெக், மேனுவல் போன்ற உயர்நிலைப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளோடுதான் படித்துக்கொண்டிருந்தார்கள். 1922-ல் நகரப் பள்ளி வாரியம் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி கட்டத் தீர்மானித்தது. கறுப்பர் சமூகத்தின் எதிர்ப்பு காதில் ஏறவில்லை. 1927-ல் பள்ளி திறந்தது. நகரத்தின் எல்லாக் கறுப்பு மாணவர்களும் எங்கே குடியிருந்தாலும் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் வைக்க நினைத்த பெயர் தாமஸ் ஜெபர்சன். அடிமைகளை வைத்திருந்தவரின் பெயர் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கா என்று கறுப்பர்கள் சண்டை போட்டார்கள். 1770-ல் பாஸ்டனில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூட்டில் முதலில் விழுந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பெயர் வந்தது. பள்ளியைத் தடுக்க முடியவில்லை, பெயரையாவது பிடுங்கிக்கொண்டார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 'அரிஜன்' என்று அடுத்தவன் வைத்த பெயரைத் தூக்கி எறிந்த நமக்கு இது தெரியும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். இண்டியானாவில் கூடைப்பந்து என்பது திருவிழா மாதிரி. சின்னச் சின்ன ஊர்களில்கூட ஊர் ஜனத்தொகையைவிடப் பெரிய அரங்கம் கட்டி வைத்திருப்பார்கள். ஆனால் மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அட்டக்ஸைப் போட்டியில் சேர்க்கவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். அட்டக்ஸ் எல்லோருக்கும் திறந்த பொதுப் பள்ளி இல்லையாம். கறுப்பர்கள் மட்டும் படிக்கிறார்களாம். கத்தோலிக்கப் பள்ளிகளையும் இதே காரணம் சொல்லித்தான் ஒதுக்கினார்கள். தனியாகப் பிரித்து வைத்ததும் இவர்கள். தனியாக இருக்கிறாய், அதனால் வராதே என்றதும் இவர்கள். சுத்தமில்லாத வேலையை நம் தலையில் கட்டிவிட்டு, நீ சுத்தமில்லை, தள்ளி நில் என்று சொல்கிற அதே தர்க்கம். சாதியும் நிறவெறியும் வேறுவேறு நோய்களாக இருக்கலாம். வாய்ப்பாடு ஒன்றுதான்.

1927-லிருந்து 1942 வரை பதினைந்து வருஷம் இப்படிப் போனது. நகரத்து வெள்ளைப் பள்ளிகள் அட்டக்ஸோடு ஆட மறுத்தன. அட்டக்ஸின் உடற்பயிற்சிக்கூடமோ மிகச் சிறியது. அங்கே ஆட்டம் வைத்தால் பார்க்க ஆளுக்கு இடமில்லை. ஆகவே எப்போதும் வெளியூர்தான். வேறு மாநிலங்களின் கறுப்பர் பள்ளிகள், கத்தோலிக்கப் பள்ளிகள், ஒப்புக்கொண்ட கிராமத்துப் பள்ளிகள் என்று பேருந்தில் அலைந்தார்கள். வழியில் ஓட்டல்களில் சோறு கிடையாது. கட்டுச்சோறுதான்.

மாநிலத்தின் முதல் கறுப்பு செனட்டர் ராபர்ட் புரோக்கன்பர் சட்டசபையில் இந்தத் தடையை எதிர்த்து நின்றார். கறுப்பர் பத்திரிகைகள் எழுதின. கத்தோலிக்கர்களும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 1942-ல் கதவு திறந்தது. தானாகத் திறந்த கதவு இல்லை, தள்ளித் திறந்த கதவு.

நல்ல பிள்ளை ஆட்டம்

அட்டக்ஸ் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற கறுப்பர்கள் பலர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார்களாக இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள வெள்ளைப் பல்கலைக்கழகங்களுக்கு மனமில்லை. ஒதுக்கியதால் வந்த அநியாயம், உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு அமுதமாகப் போனது. நாசம் செய்யக் கட்டிய பள்ளி ஒரு சமூகத்தின் கோட்டையாக மாறியது.

1930 முதல் 1957 வரை தலைமையாசிரியராக இருந்தவர் ரஸல் லேன். படித்தவர், பண்பானவர். மைதானத்தில் கறுப்புப் பையன் ஒழுக்கமாக நடந்துகொண்டால் வெள்ளைக்காரர் மனசு மாறும் என்று நம்பியவர். நடுவர் தப்பான தீர்ப்புச் சொன்னால் வாயைத் திறக்கக் கூடாது. யார்மேலும் இடிக்கக் கூடாது. அப்போதைய பயிற்சியாளரும் அதே வழியில்தான் ஆட வைத்தார். நாம் 'நல்ல பிள்ளை' அரசியல் என்று சொல்வோமே, அது. அதைக் கேலி செய்வது எளிது. ஒரு பையனின் கோபம் ஒரு தெருவையே எரிக்கக் காரணமாகிவிடும் என்று தெரிந்த பெரியவர்களின் பயம் அது. டெம்போவை மறித்த எங்கள் பெரியவர்களின் பயமும் அதுதான்.

1950-ல் ரே குரோ பயிற்சியாளரானார். அவர் பையன்களை அவர்கள் தெருவில் ஆடியபடியே ஆட விட்டார். தெரு என்றால் லாக்பீல்டு கார்டன்ஸ். 1938-ல் கறுப்பர்களுக்காக அரசு கட்டிய குடியிருப்பு. அங்கே ஒரு மண் மைதானம். ஆடினால் புழுதி பறக்கும். அதனால் அதற்கு 'புழுதிக்கிண்ணம்' என்றே பெயர். அந்தப் புழுதியில் பெரிய பையன்களோடு மோதி இடம் பிடிப்பது மாநிலப் போட்டியைவிடக் கஷ்டம். ஆஸ்கர் ராபர்ட்சன் சின்ன வயதில் பந்து வாங்க வழியில்லாமல், துணியையும் பழைய டென்னிஸ் பந்தையும் ரப்பரால் கட்டி, வீட்டுக்குப் பின்னால் பீச் பழக்கூடையில் போட்டுப் பழகியவர். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததும் பீச் பழக்கூடையை மாட்டித்தான். அவருக்கு அது சோதனை, இவருக்கு அது இல்லாமை.

வெள்ளை நடுவர்கள் எப்படியும் எதிராகத்தான் விசில் ஊதுவார்கள். குரோ அதற்கும் கணக்கு வைத்திருந்தார். முதல் பத்துப் புள்ளிகள் நடுவருக்கு, அதற்கு மேல்தான் நமக்கு என்று பையன்களிடம் சொல்வாராம். அநியாயம் இல்லை என்று நடிக்கவில்லை. அநியாயம் இவ்வளவு என்று அளந்து, அதற்கு மேல் ஜெயிக்கச் சொன்னார். இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்ற ஏளனத்தைத் தாண்டுவதற்காகவே இரண்டு மடங்கு படித்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

1951-ல் ஆண்டர்சன் பள்ளியோடு நடந்த ஆட்டம் 81-80. கடைசி நொடியில் பந்தைப் போட்டவர் ஆஸ்கரின் அண்ணன் பெய்லி ராபர்ட்சன். அந்த வருஷம் அட்டக்ஸ் மாநிலத்தின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. ஏழு வருஷத்தில் குரோவின் அணி ஆடியது 199 ஆட்டம். ஜெயித்தது 179. வெற்றி உறுதியானதும் அட்டக்ஸ் கூட்டம் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடும். 'கிறுக்குப் பாட்டு' என்று அதற்குப் பெயர். நல்ல பிள்ளைகள் பாடுகிற பாட்டாக அது இருந்திருக்காது.

ஆடாத ஆட்டத்துக்கு ஒரு படம்

அதே நகரத்தில் வெள்ளையர்களின் தொழில்முறை அணிகளும் இருந்தன. 1931-ல் ஒரு மளிகைக்கடைக்காரர் தொடங்கிய காட்ஸ்கீஸ் அணி. 1949-ல் வந்த ஒலிம்பியன்ஸ் அணி. 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நட்சத்திரங்கள் அதில் ஆடினார்கள். அவர்களில் அலெக்ஸ் குரோசாவும் ரால்ப் பியர்டும் கல்லூரி நாட்களில் சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு புள்ளிகளைக் கூட்டிக் குறைத்தது 1951-ல் வெளிவந்தது. ஆயுள் தடை. 1953-ல் அணியே கலைந்தது. ஒழுக்கம் பற்றிய போதனை முழுவதும் கறுப்புப் பையன்களுக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே பட்லர் அரங்கத்தில்தான் இவர்களும் ஆடினார்கள். அதற்காக யாரும் வெள்ளையர் இனத்தைச் சந்தேகப்படவில்லை.

1954-ல் அட்டக்ஸை வென்று மேலே போன பள்ளி மிலன். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் வெள்ளையர் கிராமம். மிலன் அந்த வருஷக் கோப்பையையும் 32-30 என்று கடைசி வீச்சில் வாங்கியது. சின்ன ஊர், பெரிய வெற்றி. நல்ல கதைதான். 1986-ல் அதை வைத்து 'ஹூசியர்ஸ்' என்ற படம் எடுத்தார்கள். அமெரிக்காவின் சிறந்த விளையாட்டுப் படங்களில் ஒன்று என்கிறார்கள். நண்பர் அறையில் அந்தப் படத்தைப் பார்த்து நானும் கைதட்டியவன்தான். படத்தின் இறுதி ஆட்டத்தில் அப்பாவிக் கிராமத்துப் பையன்களுக்கு எதிரில் நிற்கும் பெரிய நகரத்து அணியில் கறுப்பர்கள் இருக்கிறார்கள். அந்த அணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? ரே குரோவேதான். சின்ன வேடம். தன் சொந்த வரலாற்றில் கதாநாயகனாக இருந்த மனிதனை, அடுத்தவன் வரலாற்றில் தோற்கிற ஆளாக உட்கார வைத்திருக்கிறார்கள். எளியவன் வலியவனை வென்ற கதை என்கிறார்கள். அந்த மாநிலத்தில் எளியவன் யார், வலியவன் யார் என்று கேமரா கேட்கவே இல்லை. நானும் கேட்காமல் கைதட்டினேன். என்னைச் சுட்டது அதுதான்.

1955 இறுதி ஆட்டத்தில் அட்டக்ஸுக்கு எதிரில் நின்றதும் ஒரு கறுப்பர் பள்ளி. கேரி நகரத்து ரூஸ்வெல்ட் பள்ளி. 97-74. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கக்கூடிய இரண்டு பள்ளிகள் மேடையை முழுசாக எடுத்துக்கொண்டன. அதே ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புப் பையனைக் கொன்றார்கள். டிசம்பரில் மான்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்புத் தொடங்கியது. 1956-ல் அட்டக்ஸ் ஆடிய 31 ஆட்டத்திலும் தோற்காமல் மறுபடி கோப்பை வாங்கியது. இண்டியானா வரலாற்றில் ஒரு ஆட்டமும் தோற்காத முதல் சாம்பியன். 1959-ல் மூன்றாவது கோப்பை.

வண்டி நிற்காமல் போன அந்த வட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அங்கே நிற்பது 1902-ல் திறக்கப்பட்ட போர்வீரர் நினைவுத்தூண். அடிமைமுறையை ஒழித்த உள்நாட்டுப் போரின் நினைவும் அதில் உண்டு. அதன் சிற்பத் தொகுதியில், விடுதலையான கறுப்பு அடிமை ஒருவன் காலடியில் உட்கார்ந்து அறுந்த சங்கிலியை உயர்த்திக் காட்டிக்கொண்டிருக்கிறான். கல்லாக உட்கார அங்கே இடமுண்டு. கோப்பையோடு உயிருள்ள பையன் நிற்க இடமில்லை.

சேர்ப்பது என்றால் யார் யாரிடம் போவது?

அட்டக்ஸ் ஜெயித்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. கறுப்புப் பையன்கள் வேண்டாம் என்ற பள்ளிகளுக்கெல்லாம் கறுப்பு ஆட்டக்காரர்கள் வேண்டியிருந்தது. 1965-லும் 1969-லும் கோப்பை வாங்கிய நகரத்து வாஷிங்டன் பள்ளி அணிகளில் கறுப்பர்கள் இருந்தார்கள். விளையாட்டுக்கு வா என்றார்கள். வகுப்பறை விஷயம் வேறு. பள்ளிகளில் பிரிவினை கூடாது என்று 1949-லேயே மாநிலச் சட்டம் வந்தும் நகரம் அசையவில்லை. பள்ளி வாரியம் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது என்று 1971-ல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 1981-ல் புறநகர்ப் பள்ளிகளுக்குப் பேருந்து விட்டார்கள். பேருந்தில் போனது கறுப்புப் பிள்ளைகள் மட்டும். வெள்ளைப் பிள்ளைகள் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை. 1986-ல் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி என்ற தகுதியை இழந்தது. 2006-ல்தான் திரும்பக் கிடைத்தது. நெடுஞ்சாலையும் பல்கலைக்கழக வளாகமும் அந்தக் குடியிருப்பைத் தின்றன. லாக்பீல்டின் பெரும்பகுதியை 1980களில் இடித்தார்கள். புழுதிக்கிண்ணம் போயிற்று.

இங்கே நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 2023-ல் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கப்போவதாகத் தமிழக அரசு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது நமக்குள்ளேயே இரண்டு கட்சி ஆனது. பெயர்ப்பலகையில் சாதி தெரிகிற பள்ளி எதற்கு என்றார்கள் சில தோழர்கள். நமக்கென்று இருக்கும் நிலம், கட்டடம், வேலை எல்லாம் கரைந்துபோகும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான் தனிப் பள்ளியைப் புகழ்ந்து பாட வரவில்லை. அட்டக்ஸைக் கட்டியது வெறுப்பு. அதைப் பள்ளியாக்கியது அங்கே வேலை பார்த்தவர்களும் படித்தவர்களும். சேர்க்கிறேன் என்று வருகிறவனிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: யார் யாரிடம் போகிறார்கள்? உன் பிள்ளை என் தெருப் பள்ளிக்கு வருமா? என் தெரு வாத்தியார் உன் பள்ளியில் தலைமையாசிரியர் ஆவாரா? பதில் இல்லையென்றால் அது சேர்ப்பு இல்லை, கரைப்பு.

ஆஸ்கர் ராபர்ட்சன் 1960-ல் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 1971-ல் மில்வாக்கி அணியோடு தொழில்முறைக் கோப்பையும் வாங்கினார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. 1965-லிருந்து ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த அவர் பெயரில் 1970-ல் ஒரு வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அந்த முதலாளியை விட்டுப் போக முடியாது என்ற விதியை எதிர்த்து. பண்ணையாளைப் பண்ணையோடு கட்டிப்போடுவது மாதிரியான விதி. 1976-ல் வழக்கு முடிந்தது. ஆட்டக்காரன் தன் முதலாளியைத் தானே தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. அந்த வழக்கு தீர்ந்த பிறகுதான் இரண்டு தொழில்முறைச் சங்கங்கள் இணைந்தன. இண்டியானாபொலிஸின் பேசர்ஸ் அணி பெரிய சங்கத்துக்குள் போனதும் அப்போதுதான். வட்டத்தில் நிற்க விடாமல் அனுப்பிய பையனின் வழக்கு தீர்ந்துதான் அந்த நகரத்துக்குக் கதவு திறந்தது.

2015-ல் அதே நகரம், 1955 அணியின் கிழவர்களைத் தன் பெரிய ஊர்வலத்துக்கு முன்னால் கௌரவித்துக் கூட்டிப் போனது. அறுபது வருஷம் கழித்து. நல்லதுதான். அதைப் பார்க்க ரே குரோ இல்லை. 2003-லேயே செத்துப்போனார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொத்தனார் வேலை பார்க்கிறான், முட்டி தேய்ந்துவிட்டது. முழுசும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான். "அந்தப் பையன் வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னியே, மறுவருஷம் ஆடுனானா?"

ஆடினான், ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை என்றேன்.

"அப்பச் சரி" என்றான். எழுந்து போய், பரணிலிருந்து அந்தக் கோப்பையை எடுத்துவந்து என் மகளிடம் கொடுத்தான். துண்டு சுற்றாமல்.